அம்மாவின் மிஷினும் என் சைக்கிள் பையும்



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா. காதல் கவிதை மட்டும் வேணாம், அது ஏற்கெனவே ஒரு கட்டு வந்து கிடக்கு" என்று மலர்க்குழு அண்ணன் ஒருவர் சொன்னார். கவிதை எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது சைக்கிள். சமீபகாலமாகக் கொஞ்சம் தையல். நம் சைக்கிள் ஸ்டாண்டில் என் வண்டிக் கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கும் நீலப் பைகளைப் பார்த்து, "எந்தக் கடையில வாங்கின?" என்று கேட்டவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். "வீட்ல தைச்சது" என்றதும் சிரித்தவர்கள் அதில் பாதிப் பேர். எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதிவிடுகிறேன்.

என் வீடு மணலி புதுநகரில். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: திருவொற்றியூர் - பொன்னேரி - பஞ்செட்டி சாலையில், கொசஸ்தலை ஆற்றுக்குப் பக்கத்தில், சி.எம்.டி.ஏ. மனை பிரித்து உருவாக்கிய ஊர் அது. ஐயா வைகுண்டர் தர்மபதியின் தேர்த் திருவிழாவுக்கு எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள். மற்ற நாட்களில் எங்கள் ஊர் வழியே அதிகம் போவது கன்டெய்னர் லாரிதான். ஒரு பக்கம் சென்னைத் துறைமுகம், இன்னொரு பக்கம் எண்ணூர் காமராஜர் துறைமுகம், அதற்கும் அப்பால் காட்டுப்பள்ளி. நடுவில் நாங்கள். 40 அடிப் பெட்டி என்றால் 12 மீட்டருக்கும் மேலே நீளம். அது சைக்கிளைக் கடந்து போகும்போது காற்று முதலில் நம்மை வெளியே தள்ளும்; வால் பகுதி தாண்டும்போது உள்ளே இழுக்கும். அந்த இரண்டு மூன்று விநாடி ஹேண்டில்பாரை நேராகப் பிடிப்பதுதான் எங்கள் பக்கத்துப் பையன்களின் முதல் பாடம்.

வீட்டிலிருந்து நம் கல்லூரிக்கு எனக்கு 11 கிலோமீட்டர். எம்.எப்.எல். சந்திப்பு, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் என்று வழி நெடுக லோடு வண்டிகள். பஸ் இருக்கிறது, பாஸும் இருக்கிறது. ஆனால் காலைக் கூட்டத்தில் டிராஃப்டரையும் டிராயிங் ஷீட்டையும் தூக்கிக்கொண்டு படியேறியவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். எனக்கு பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் இருந்தது. 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, 2005-இல் பையன்களுக்கும் சேர்த்து விரிவாக்கிய திட்டம் அது. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் புது வண்டி. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் யாரோ ஓட்டித் தேய்த்தவை. பிளஸ் டூ முடித்து இங்கே நேராக இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கலில் சேர்ந்தபோது, வண்டியும் என்னோடு சேர்ந்துவிட்டது.

வண்டி சரி, சாமான்? அதுதான் பிரச்சினை. தோளில் மாட்டும் பையில் புத்தகம், டிபன் பாக்ஸ், தண்ணீர், ஒர்க்‌ஷாப் உடை எல்லாம் சேர்ந்தால் எட்டு ஒன்பது கிலோ. முதுகில் அத்தனை உயரத்தில் கனம் இருந்தால் லாரிக் காற்றுக்கு உடம்பு ஆடும். உடம்பு ஆடினால் வண்டி ஆடும். ஹேண்டில்பாரில் மாட்டினால் பை ஊஞ்சலாடி முன்சக்கரத்தை உரசும். கேரியர் கிளிப்பில் வைத்து டியூப் போட்டு இறுக்கிக் கட்டினால் டிபன் பாக்ஸ் கவிழ்ந்து, அப்ளைடு மேத்ஸ் நோட்டில் சாம்பார். பால்காரரின் சைக்கிளைப் பாருங்கள். கேன் இரண்டும் கேரியருக்குக் கீழே, சக்கரத்தின் இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும். எத்தனை லிட்டர் ஏற்றினாலும் அவர் ஒரு கையில் ஓட்டிக்கொண்டு மணி அடிப்பார். கனம் கீழே, கனம் சமம், கனம் ஆடக்கூடாது. இந்த மூன்றும்தான் விஷயம். வெள்ளைக்காரர்கள் இப்படிப்பட்ட பைக்கு 'பேனியர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிரெஞ்சு மொழியில் அது ரொட்டிக் கூடை. கழுதையின் இரண்டு பக்கமும் தொங்கவிட்ட கூடையும் அதே பெயரில் வந்தது. நம்மூர் வண்ணார் கழுதைக்கு இருந்த பொதியும் அந்த வகைதான்.

கடையில் விலை விசாரித்தேன். நல்ல பை ஒரு ஜோடி, எங்கள் வீட்டு மாத வாடகைக்கு மேலே இருந்தது. அப்போதுதான் மூலையில் இருந்த அம்மாவின் மிஷின் கண்ணில் பட்டது.

அந்த மிஷினைப் பற்றி ஒரு வார்த்தை. காதுத் தோட்டை அடகு வைத்து அம்மா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கால் மிதி, தோல் பெல்ட், தேய்ந்துபோன பூப்படம். ரவிக்கை, பாவாடை, தலையணை உறை, ஸ்கூல் யூனிபார்ம் கிழிசல் எல்லாம் அதில்தான். என் டியூஷன் ஃபீஸ், என் கண்ணாடி, பிளஸ் டூ கைடு எல்லாமே அந்த மிதியிலிருந்து வந்தவை. அம்மா ஐந்தாவது வரை படித்தவள். அப்பா லாரி ஷெட்டில் லோடு கட்டுபவர், கையெழுத்துப் போடுவார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்.

"நான் தைக்கிறேன், கத்துக் குடும்மா" என்றேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் இதுல குந்தி இடுப்பு ஒடிஞ்சது நீ குந்தக் கூடாதுன்னுதான். போய்ப் படி."

இதற்கு என்ன பதில் சொல்வது? சிலபேர் வீட்டில் 'ஆம்பளப் பையன் தைக்கலாமா' என்பார்கள். அதற்குப் பதில் இருக்கிறது: தெருமுனைக் கடையில் உட்கார்ந்து தைப்பவர் எல்லாம் ஆம்பளைதான். கடையில் தைத்தால் மாஸ்டர், வீட்டில் தைத்தால் கேலி, இது என்ன கணக்கோ! ஆனால் அம்மா சொன்னது அது இல்லை. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவள் இத்தனை வருஷம் மிதித்தது எதற்கு என்று அவளுக்குள் ஒரு கணக்கு. அதை நான் கேட்டுத் தீர்க்க முடியாது. ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு தோள் பையிலேயே போனேன்.

பிறகு ஒருநாள் சாயங்காலம், தைத்த யூனிபார்ம் மூட்டையைத் திருவொற்றியூரில் அவசரமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆட்டோ கிடைக்கவில்லை. அம்மா கேரியரில் உட்கார்ந்து மடியில் மூட்டையை வைத்துக்கொள்ள, நான் ஓட்டினேன். எம்.எப்.எல். சந்திப்பு தாண்டி ஒரு டிரெய்லர் எங்களை ஒட்டிக் கடந்தது. வண்டி அரை அடி ஆடி நின்றது. அம்மா ஒன்றும் பேசவில்லை. என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். "தெனமும் இப்டித்தான் போறியா?" என்று மட்டும் கேட்டாள். அன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு மிஷின் பக்கம் சத்தம் கேட்டது. பார்த்தால் 16-ஆம் நம்பர் ஊசியைக் கழற்றி 18 போட்டுக்கொண்டிருந்தாள். "தடிமனான துணிக்கு இதான் போடணும். வா, குந்து" என்றாள்.

இனி தொழில் சமாசாரத்துக்கு வருவோம்.

முதல் கேள்வி, எந்தத் துணி? கேன்வாஸ் நல்லதுதான். இங்கிலாந்தில் நெல்சன் என்ற நெசவாலை ஊரில் வில்ஃப் காரடைஸ் என்பவர் 1930-களில் தனக்காக ஒரு சைக்கிள் பை தைத்தார். கூட ஓட்டியவர்கள் 'எனக்கும் ஒன்று' என்று கேட்க, அதுவே தொழிலாகி இன்றும் பருத்திக் கேன்வாஸில் அந்தப் பை வருகிறது. நம் வடசென்னையும் துணிக்குப் பெயர் போன இடம்தான். பெரம்பூர் பின்னி மில் காக்கி என்றால் ஒரு காலத்தில் நாடு பூராவும் போலீஸ்காரரிலிருந்து பள்ளிக்கூடப் பையன் வரை போட்டார்கள். அந்த மில் 1996-இல் மூடிவிட்டது. இப்போது நல்ல கேன்வாஸ் மீட்டர் விலை கேட்டால் தலை சுற்றுகிறது.

அடுத்து உர மூட்டைச் சாக்கு. எங்கள் பக்கம் இதற்குப் பஞ்சமே இல்லை. மணலி உரத் தொழிற்சாலையின் 'விஜய்' யூரியா சாக்கு எங்கள் ஊரில் திரைச்சீலை, பாய், கோழிக் கூண்டு மூடி எல்லாம் ஆகும். யூரியா மூட்டை முன்பு 50 கிலோ. 2018 முதல் 45 கிலோ. அந்தக் கனத்தைத் தாங்கும் சாக்கு நம் புத்தகத்தைத் தாங்காதா? தாங்கும். ஆனால் பிளாஸ்டிக் நாடாவை நெய்த துணி அது; வெட்டிய ஓரம் பிரிந்துகொண்டே வரும். மெழுகுவர்த்திச் சுடரில் ஓரத்தைக் காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும். வெயில்தான் அதற்கு எதிரி. சில மாதம் வெயிலில் கிடந்தால் தொட்டாலே பொடிப்பொடியாக உதிரும். ஆகவே வெளித்துணிக்கு ஆகாது, உள்ளே போடலாம்.

உள்ளே போட அதைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேலே தண்ணீர். நான் அப்போது பிளஸ் ஒன். 2015 வெள்ளத்தில் எங்கள் தெருவில் பலபேருடைய சர்டிபிகேட் நனைந்து கூழானது அம்மாவுக்கு நினைவு இருந்தது. என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ் மூன்றையும் யூரியா சாக்கின் உள்பக்கத்து பாலிதீன் உறையில் போட்டு, வாயை மூன்று தடவை சுருட்டி மடித்து, இரண்டு முனையையும் வளைத்துச் சேர்த்துக் கட்டிப் பரண் மேலே எறிந்தாள். பரணும் ஒழுகியது. மூன்றாம் நாள் அவிழ்த்தபோது காகிதத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அந்த மார்க் ஷீட்டைக் காட்டித்தான் இங்கே அட்மிஷன் வாங்கினேன்.

மூன்று தடவை சுருட்டி மடிப்பது என்று சொன்னேனே, உலகம் முழுக்க விலை உயர்ந்த மழைக்காப்புப் பைகளின் வாய் அப்படித்தான் மூடுகிறது. ஜிப் வைத்தால் ஜிப்பின் பல் வழியாகத் தண்ணீர் போகும். சுருட்டினால் போக வழி இல்லை. அந்தப் பைகளின் கதையைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த ஹார்ட்முட் ஓர்ட்லீப் என்ற இளைஞர் 1981-இல் இங்கிலாந்தில் சைக்கிள் பயணம் போனார். மழையில் பையும் நனைந்து சாமானும் நனைந்தது. அப்போது ரோட்டில் போன லாரிகளைப் பார்த்தார். தார்ப்பாய் மூடிய சரக்கு மட்டும் நனையாமல் போகிறது. வீட்டுக்குத் திரும்பி லாரித் தார்ப்பாயை வெட்டித் தன் அம்மாவின் தையல் மிஷினில் பை தைத்தார். 1982-இல் அது கம்பெனி ஆனது. இன்று அந்தப் பேர் தெரியாத சைக்கிள் பயணிகள் குறைவு. அம்மாவின் மிஷின், லாரித் தார்ப்பாய்! மிஷின் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. தார்ப்பாய்க்கு அப்பா இருக்கிறார்.

"கிழிஞ்ச பாயா? எத்தினி வேணும்?" என்று அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். மறுநாள் நீலத் தார்ப்பாய் ஓரத் துண்டு ஒன்று தோளில் வந்தது. டீசலும் தூசியும் மணத்தது. சோப்புப் போட்டு இரண்டு தடவை தேய்த்தேன். லோடு கட்டும் பாலியெஸ்டர் பெல்ட், ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் அகலம், அதுவும் இரண்டு கெஜம் கொண்டுவந்தார். ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் ஃபிரைடாக் என்ற அண்ணன் தம்பி இருவர் 1993-இல் பழைய லாரித் தார்ப்பாய், கார் சீட் பெல்ட், சைக்கிள் டியூப் மூன்றையும் வைத்துப் பை செய்யத் தொடங்கினார்கள். பழைய பொருளில் செய்த அந்தப் பை இன்று புதுப் பையைவிட விலை அதிகம். காயலான் கடைக்காரர் காதில் விழுந்தால் நமக்கு ஓசியில் ஒன்றும் கிடைக்காது, சத்தமில்லாமல் படியுங்கள்.

தார்ப்பாய் மிஷினில் சுலபமாக ஓடாது. பிளாஸ்டிக் பூச்சு மிஷினின் பாதத்தில் ஒட்டிக்கொண்டு நகராது. அம்மாவின் வைத்தியம்: மேலே ஒரு செய்தித்தாள் துண்டை வைத்து அதோடு சேர்த்துத் தைத்துவிட்டு, அப்புறம் காகிதத்தைக் கிழித்துவிடுவது. நாலு மடிப்பு வரும் இடத்தில் மிதியை விட்டுவிட்டுக் கையால் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். பருத்தி நூல் மழையில் மக்கிவிடும். பாலியெஸ்டர் நூல்தான் சரி. காசிமேட்டு வலைக் கயிறு நைலான், உறுதிதான், ஆனால் மிஷின் ஊசியில் நுழையாது. கோணி ஊசியில் கோத்துக் கையால் போடும் தையலுக்கு அதை வைத்துக்கொண்டேன்.

அளவு எடுப்பதில் முக்கியமானது குதிகால். பையைக் கேரியரில் தொங்கவிட்டு மிதிக்கும்போது குதிகால் பின்னால் வந்து பையை இடித்தால், 11 கிலோமீட்டரும் இடிதான். பெடலைப் பின்பக்கம் வரும்படி நிறுத்தி, காலை வைத்து, குதிகாலுக்கும் பைக்கும் இடையில் இரண்டு விரல் இடம் விட்டேன். அதற்காகப் பையின் முன்பக்கக் கீழ் மூலையைச் சாய்வாக வெட்டியிருக்கிறேன். உயரம் 36, அகலம் 30, கனம் 13 சென்டிமீட்டர். பெருக்கினால் 14 லிட்டர். சாய்வு வெட்டில் கொஞ்சம் போகும். வலது பைக்கு வெளியே ஒரு நீள உறை. அதில் மூடி போட்ட 75 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய்த் துண்டு உட்காரும். டிராயிங் ஷீட் சுருட்டி அதற்குள் போய்விடும். மேலே மாட்டும் கொக்கி நம் ஒர்க்‌ஷாப்பில் 6 மில்லிமீட்டர் கம்பியில் வளைத்தது. கேரியர் பெயின்ட் போகாமலிருக்கக் கொக்கிக்குப் பழைய டியூப் உறை. பை ஆடாமலிருக்கக் கீழே ஒரு டியூப் துண்டு, சக்கர அச்சுப் பக்கம் இழுத்து மாட்டுவதற்கு.

நேராகத் தார்ப்பாயில் கைவைக்க அம்மா விடவில்லை. "மொதல்ல கழிசல்ல தைச்சுப் பாரு" என்றாள். கிழிந்த ஃபிளெக்ஸ் பேனர் ஒன்று கிடைத்தது. ஒரு பெரிய மனிதர் கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தை உள்பக்கமாகத் திருப்பித் தைத்தேன். அதை வீட்டு முன்னால் ஒரு இரும்புக் குழாயில் தொங்கவிட்டு ஒவ்வொன்றாகச் செங்கல் போட்டோம். செங்கல் ஒன்று 3 கிலோ. தெருப் பிள்ளைகள் எண்ணினார்கள். ஆறாவது வரை ஒன்றுமில்லை. ஏழாவது போட்டதும் சர்ரென்று கிழிந்தது. கிழிந்தது தையல் இல்லை. கொக்கிப் பட்டையின் சதுர மூலையில்தான் கிழிசல் ஆரம்பித்தது. 21 கிலோ! நான் போடப்போவது ஒரு பக்கத்துக்கு 5 கிலோ. வகுப்பில் 'ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி' என்று போர்டில் எழுதிப் போட்டார்களே, அது எங்கள் வாசலில் செங்கல்லாகக் குவிந்து கிடந்தது. கூர்மையான மூலையில் ஸ்ட்ரெஸ் குவியும் என்பதும் பாடம்தான். அசல் பையில் பட்டையின் மூலைகளை வட்டமாக வெட்டி, அடியில் ஒரு ரப்பர் துண்டும் வைத்தேன்.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நமக்கு ரிவெட் ஜாயின்ட் நடத்தினார்கள் அல்லவா? அது பல விதமாகத் தோற்கும். ரிவெட் அறுந்து போகலாம். இரண்டு துளைக்கு இடையே தகடு கிழியலாம். துளைக்கும் ஓரத்துக்கும் நடுவே தகடு பிய்த்துக்கொண்டு போகலாம். அதனால்தான் பிட்ச் என்றும், மார்ஜின் குறைந்தது ஒன்றரை மடங்கு விட்டம் என்றும் கணக்கு. இப்போது அம்மா எனக்குச் சொன்னதை வரிசையாக எழுதுகிறேன்: "நூலு நல்லதா போடு." "நெருக்கமா தைக்காத, தபால் தலை மாதிரி கிழிஞ்சினு வரும், பெரிய தையலா வுடு." "ஓரத்துல அரை இஞ்ச் வுட்டுத் தை." ரிவெட், பிட்ச், மார்ஜின்! புத்தகத்தில் படம் போட்டு, ஃபார்முலா போட்டு, நான் இரண்டு வாரம் மனப்பாடம் செய்ததை அம்மா ரவிக்கை தைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள். பெல்ட் சேரும் இடத்தில் பெட்டி மாதிரி சுற்றித் தைத்து நடுவில் குறுக்கே இரண்டு கோடு போடச் சொன்னதும் அவள்தான். இழுப்பு ஒரே வரியில் விழாமல் பரவும்.

நோட்டைக் கொண்டுவந்து ரிவெட் படத்தைக் காட்டி விளக்கினேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். "இத்தப் படிக்கவா ஃபீஸு கட்டறோம்?" என்றாள். அப்புறம், "இது இன்னா எழுத்து?" என்று சிக்மாவைத் தொட்டுக் கேட்டாள். சொன்னேன். ரிவெட்டுக்கு எவ்வளவு கனம் தாங்கும் என்று முன்னாலேயே எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டாள். அதையும் போட்டுக் காட்டினேன். கிழித்துப் பார்க்காமலே சொல்லிவிடலாம் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. 'செங்கல் மிச்சம்' என்று சிரித்தாள்.

இரண்டு பையும் முடிய எட்டு ராத்திரி ஆனது. பக்கிள் நாலு, நூல்கண்டு, ஊசி, பி.வி.சி. மூடி எல்லாம் சேர்த்து 240 ரூபாய் செலவு. பின்பக்கம் லாரியில் ஒட்டும் சிவப்பு - வெள்ளை ரிஃப்ளெக்டர் டேப், அப்பா ஷெட்டிலிருந்து. இருட்டில் லாரி வெளிச்சம் பட்டால் பை பளிச்சென்று தெரியும். டிரைவர் நம்மைப் பார்க்கிறார் என்பது பெரிய தைரியம். மிச்சத் துண்டுகளில் ஸ்பேனரும் பஞ்சர் பசையும் வைக்கச் சுருட்டு உறை ஒன்று, சீட் கவர் ஒன்று, பேண்ட் ஓரம் செயினில் மாட்டாமலிருக்கக் கணுக்காலில் சுற்றும் பட்டை இரண்டு. இந்த அக்டோபர் மழையில் மூன்று தடவை முழுக்க நனைந்து வந்தேன். டிராயிங் ஷீட் நனையவில்லை. டிபன் பாக்ஸ் நின்றபடியே வந்தது. டிரெய்லர் கடக்கும்போது வண்டி ஆடுவது பாதியாகக் குறைந்திருக்கிறது. மீதிப் பாதிக்குத் தையலில் மருந்து இல்லை, ஓரமாகத்தான் போக வேண்டும்.

முதலில் சிரித்தவர்களில் இரண்டு பேர் இப்போது பை கேட்டிருக்கிறார்கள். காசு வாங்கக் கூடாது, ஃபிரெண்ட்ஸ் என்று நான் சொன்னேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஃபிரெண்டுக்கு நீ தை. மிஷினுக்கு நான் காசு வாங்குவேன்" என்று ஜோடிக்கு 150 ரூபாய் என்று நிர்ணயித்துவிட்டாள். ஒரு நிபந்தனையும் உண்டு: பரீட்சைக்குப் பத்து நாள் முன்னாலிருந்து நான் மிஷின் பக்கம் போகக் கூடாது.

வேண்டும் என்கிறவர்கள் கேரியரின் நீளம், கேரியர் கம்பியின் தடிமன், மேலிருந்து சக்கர அச்சு வரை உயரம், உங்கள் செருப்பு சைஸ் நான்கையும் ஒரு தாளில் எழுதி, மதிய இடைவேளையில் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் கடைசி பெஞ்சில் கொடுங்கள். தார்ப்பாயும் பக்கிளும் உங்கள் பொறுப்பு. ஃபிளெக்ஸ் பேனர் கொண்டுவந்தால் யார் முகம் என்று முன்பே பார்த்துக் கொண்டுவாருங்கள்.